தகரத்துக்குக் கீழே வைக்கோல்

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை, தன் சொந்த வீட்டுக் குளியலறைக்கு வெளியே மயூரி மூன்றாவது ஆளாக நின்றாள்.

உள்ளே அண்ணனின் மகள் அட்சயா. அடுத்தது அண்ணி நிசாந்தினி. ஆறு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து நிற்பவளை முந்திக்கொண்டு போக மயூரிக்கு மனம் வரவில்லை.

ஏழு மாதமாக இதே கதைதான். பங்குனியில் அண்ணன் வினோதன் ஸ்காபரோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே ஐந்து ஏக்கர் காணி வாங்கினான். காணியில் நின்ற பழைய பண்ணை வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுவது திட்டம். கோடை முடிவதற்குள் போய்விடலாம் என்றுதான் மூன்று பேரும் மயூரியின் அப்பார்ட்மெண்டுக்கு வந்தார்கள். ஓர் அறையில் அண்ணனும் அண்ணியும். மற்ற அறையில் விற்ற வீட்டின் பெட்டிகள், அவற்றுக்கு நடுவில் அட்சயா. மயூரிக்குச் சோபா.

ஆனால் அந்தப் பழைய வீடு நகரசபையின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தது. பட்டியலில் உள்ள வீட்டை நினைத்தபடி இடிக்க முடியாது. கட்டட வரலாறு தெரிந்த ஒருவர் அறிக்கை எழுத வேண்டும். நகரசபையின் குழு கூடிச் சரி சொல்ல வேண்டும்.

குழு இன்று மாலை ஆறு மணிக்குக் கூடுகிறது.

அறிக்கையை எழுதியவர் அலெக்ஸாண்டர், மயூரியின் மேலதிகாரி. பழைய கட்டடங்களை ஆராய்வதுதான் அவர்களுடைய அலுவலகத்தின் வேலை. மயூரி அங்கே பதினொரு வருடமாக இருக்கிறாள். ஆனால் இது சொந்த அண்ணனின் வீடு. ஆகவே அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அலெக்ஸாண்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அவளும் போகவில்லை. அறிக்கையை மட்டும் வாசித்தாள். 1871இல் கட்டிய சாதாரண மரவீடு, பலமுறை மாற்றப்பட்டது, பாதுகாக்கும் அளவுக்கு விசேடம் இல்லை என்று அதில் இருந்தது.

ஒரு படம் மட்டும் அவளை உறுத்தியது. அந்த வீட்டின் கூரை அளவுக்கு மீறிச் சரிவாக இருந்தது. தகரக் கூரைக்கு இவ்வளவு சரிவு எதற்கு? போன கிழமை சாப்பாட்டு நேரம் இதை வாய்விட்டுக் கேட்டாள். வினோதன் பாதிச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு அண்ணனும் தங்கையும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

இப்போது அவனே ஃபோனில் கூப்பிட்டான். மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. பின்னால் ஏதோ இரைந்துகொண்டிருந்தது.

"மயூ, இண்டைக்கு உனக்கு லீவுதானே?"

"ஓம்."

"காணிக்குப் பக்கத்துப் பண்ணையில றீற்றா எண்டு ஒரு மனிசி இருக்கிறா. இப்பதான் கதைச்சவ. ராத்திரிக் காத்துக்கு எங்கட வீட்டுத் தகரம் கழண்டு அவவின்ரை வளவுக்குள்ள கிடக்காம். எனக்கு நாலு மணி மட்டும் வெளிக்கிட ஏலாது. நீ ஒருக்காப் போய்ப் பார்."

"நான் அங்க போகக்கூடாது, அண்ணா."

"வேலைக்குப் போகச் சொல்லேல்ல. தங்கச்சியாப் போ. டெனிஸ்டன் மத்தியானம் தறப்பாளோட வருவான். மூடுவிச்சுப்போட்டு வா. நான் என்னோட வேலை செய்யிற பெடியன்ரை காரில வந்தனான். வான் திறப்பு மேசையில கிடக்கு. பின்னேரம் கூட்டத்துக்கு அவனே என்னை ரவுண் ஹோலில இறக்கிவிடுவான்."

டெனிஸ்டன், புது வீட்டைக் கட்டப்போகிற கொந்தராத்துக்காரன்.

மயூரி வான் சாவியை எடுத்தபோது நிசாந்தினி கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வாறன்."

"அண்ணா என்ன சொல்லுவாரோ தெரியாது."

"அவரைக் கேக்கேல்ல."

காணி வாங்கிய நாளிலிருந்து வினோதன் மனைவியை அந்த வீட்டுக்குள் கூட்டிப் போகவில்லை. ஒரே ஒருமுறை தெருவில் நின்று காட்டினான். தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, எலி ஓடுகிறது, தரை எப்போது உடையுமோ தெரியாது என்றான். அவளும் நம்பினாள்.

அட்சயாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மார்க்கம் ரோட்டால் வடக்கே ஏறினார்கள். கடைகள் முடிந்து, ஒன்றையொன்று ஒட்டிய புது வீடுகள் முடிந்து, சோளம் வெட்டிய வயல்கள் வந்தன. மழை விட்டிருந்தது. காற்று விடவில்லை. வான் ஒரு பக்கமாக இழுத்தது.

"உங்களுக்கு அலுப்பா இல்லையோ, எங்களை வச்சிருக்க?" நிசாந்தினி வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"இல்லை."

"பொய் சொல்லாதீங்க."

மயூரி சிரித்தாள். "அலுப்புத்தான். இண்டைக்கு ஓம் எண்டு சொல்லிட்டா அடுத்த கிழமை அத்திவாரம் வெட்டிடுவினம். நானும் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அவள் மனதார அதைத்தான் சொன்னாள்.

வளவுக்குள் வான் திரும்பியதும் மயூரி பிரேக்கை மிதித்தாள். பாதையில் கிளை எதுவும் கிடக்கவில்லை. அவள் கூரையைத்தான் பார்த்தாள்.

கிழக்குப் பக்கத்தில் மூன்று நான்கு தகரங்களைக் காற்று உரித்திருந்தது. உரிந்த இடத்தில் பலகை இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பலகை இல்லை. குறுக்குச் சட்டங்களுக்கு இடையில், சாம்பல் நிறத்தில், ஒரு முழத் தடிப்புக்கு எதுவோ அடுக்கடுக்காகப் படிந்து கிடந்தது.

"வைக்கல்," என்றாள் நிசாந்தினி. அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

அந்தச் சரிவுக்குக் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. வைக்கோலில் தண்ணீர் தங்கினால் அழுகும். வடிந்து ஓட வேண்டுமென்றால் கூரை செங்குத்தாக இறங்க வேண்டும். இந்த வீட்டைக் கட்டியவர்கள் தகரத்துக்காகக் கட்டவில்லை. வெகுகாலம் கழித்து யாரோ வைக்கோலைப் பிரிக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே சட்டம் அடித்துத் தகரம் போட்டிருக்கிறார்கள்.

முன்வாசலில் அவர்கள் நுழைந்தது குசினி. பிறகு கட்டிச் சேர்த்த பகுதி அது. நிசாந்தினி குழாயைத் திறந்தாள். இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீர் ஓடியது. சுவரில் இருந்த சுவிட்சை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். எரிந்தது.

அவள் குழாயை மூடினாள்.

குசினிக்கு அப்பால் பழைய வீடு. ஒரே பெரிய அறையும் மேலே ஏறுகிற ஒடுங்கிய படியும். மயூரி ஜன்னலடியில் கையை வைத்துப் பார்த்தாள். அவள் முழங்கை வரை அந்த விளிம்பில் அடங்கியது. சட்டமடித்துப் பலகை வைத்த சுவர் இவ்வளவு தடிப்பாக இராது. உள்ளே சாந்தும் கடதாசியும், வெளியே பலகையும் மூடியிருந்தாலும், நடுவில் இருப்பது முழு மரக்குற்றிகள். காட்டை வெட்டியவர்கள் அந்த மரங்களையே அடுக்கிக் கட்டிய வீடு.

"அண்ணி, நீங்கள் கீழ நில்லுங்கோ. படி சரியில்லை."

"படி நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டு நிசாந்தினி அவள் பின்னால் ஏறினாள்.

மேலறையில் சீலிங்கின் சாந்து ஒரு கதவு அளவுக்கு விழுந்து தரையில் நொறுங்கிக் கிடந்தது. இரவு தகரம் பிய்த்துக்கொண்டு போனபோது குலுங்கியிருக்க வேண்டும். திறந்த இடத்தால் கூரையின் அடிப்பக்கம் தெரிந்தது. பட்டை உரிக்காத மெல்லிய மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றோடு பிடி பிடியாக வைக்கோல் கட்டியிருந்தது. கட்டிய கயிறும் முறுக்கிய வைக்கோல்தான்.

அலெக்ஸாண்டர் இதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. மேலே ஏற வழி எதுவும் விடாமல் சீலிங் அடித்திருந்தார்கள்.

நிசாந்தினி அண்ணாந்து பார்த்தாள். "இது நெல்லு வைக்கல் இல்லை. நீட்டு வைக்கல்."

"றை எண்டு ஒரு தானியம். முந்தி இஞ்சை விதைச்சவை."

"அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. குசினிப் புகை. மட்டக்களப்பில எங்கட வீட்டிலயும் அடுப்புக்கு மேல இப்பிடித்தான் பிடிச்சிருக்கும்."

மயூரி திரும்பி அவளைப் பார்த்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"என்னத்தை? புகை எண்டு சொன்னன்."

மயூரி மூலையில் இருந்த புகைபோக்கியிடம் போனாள். நல்ல செங்கல். அடியில் ஒரு கல்லில் 1871 என்று பொறித்திருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அலெக்ஸாண்டர் வீட்டுக்கு வயது எழுதினார். ஆனால் இப்படியொரு புகைபோக்கி இருந்தால் புகை வெளியே போய்விடும்; கூரையில் படியாது. இந்தக் கறுப்பு படிந்த காலத்தில் கீழே வெறும் அடுப்புத்தான் எரிந்திருக்கிறது. புகை இந்த வைக்கோலுக்குள்ளால் வெளியேறியிருக்கிறது. வீடு வேறு, புகைபோக்கி வேறு. வீடு அதற்கு முந்தியது. எத்தனை வருடம் முந்தியது? ஐம்பதா, அதற்கும் மேலா?

பதினொரு வருடத்தில் இப்படியொன்றை அவள் பார்த்ததில்லை. ஆனால் இது தெரிந்தால் குழு இடிக்க விடாது.

நிசாந்தினி குனிந்து சாந்துத் தூளை விரலால் தொட்டாள்.

"மயூரி, ராத்திரி முழுக்க மழை. மேல தகரம் இல்லை. இஞ்ச ஒரு சொட்டும் விழேல்ல."

மத்தியானம் டெனிஸ்டன் வந்தான். கூரையை மூடத் தறப்பாள் விரிப்பை இறக்கிவிட்டு ஏணியில் ஏறிப் பார்த்தான். இறங்கும்போது முகம் மாறியிருந்தது.

"அக்கா, உது வெளியில தெரிஞ்சா அண்ணைக்குக் கரைச்சல் எல்லே?"

"தெரியும்."

"றேக்கால இழுத்தா இந்தப் பக்கம் ஒரு மணித்தியால வேலை. பலகை அடிச்சு மூடிட்டா ஒருத்தருக்கும் விளங்காது. அண்ணையைக் கேக்கட்டோ?"

கேட்டான். ஸ்பீக்கரில் வினோதனின் குரல் வந்தது. அவன் இரண்டே இரண்டு கேள்வி கேட்டான். எவ்வளவு இருக்கிறது? யார் பார்த்தார்கள்? பிறகு, "அள்ளி எறி," என்றான்.

"அள்ளட்டும்," என்றாள் நிசாந்தினி. வான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு வைக்கல் கூரை வேண்டாம் மயூரி. மாரிக்கு முதல் அப்பா மேல, நாங்க கீழ. பிடி பிடியா எறிய வேணும். நான் பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் அதாலதான். கை முழுக்க அரிக்கும்."

டெனிஸ்டன் ஏணியில் ஏறி பல் வைத்த றேக்கைப் போட்டு வைக்கோலை இழுத்தான். முதல் இழுவையில் மேல்படை உதிர்ந்தது. இரண்டாவதில் ஒரு கட்டு ஆடியது. மூன்றாவதில் அது வரவில்லை. அவன் கத்தியை எடுத்து முறுக்கை அறுத்தான். கட்டு முழுதாகக் கீழே விழுந்து மயூரியின் காலடியில் கிடந்தது. வெளிப்பக்கம் சாம்பல். உள்ளே இன்னும் மஞ்சள்.

அதுவரைக்கும் அவள் பேசாமல்தான் நின்றாள். தன் அறை, தன் கட்டில், காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு நிதானமாகக் குளிக்கிற ஒரு நாள். அந்த மூன்று இழுவைக்கும் அவள் மனதில் ஓடியது அவ்வளவுதான்.

"நிப்பாட்டுங்கோ," என்றாள்.

"அக்கா?"

"இறங்குங்கோ டெனிஸ்டன். தறப்பாளைப் போட்டு மூடுங்கோ. ஒண்டையும் இனித் தொடவேண்டாம்."

இன்னும் வெட்டாமல் இருந்த ஃபோனை டெனிஸ்டனிடம் வாங்கி, ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வேலியோரமாக நடந்தாள்.

"அண்ணா, இதை மறைக்க ஏலாது."

"ஏன் ஏலாது? நீ பாக்கப் போகேல்ல. உனக்கு ஒண்டும் தெரியாது."

"பாத்திட்டன். பின்னேரம் நீங்களே எழும்பிச் சொல்லுங்கோ. உங்கட வீடு. தகரம் பறந்தது, பாத்தா இப்பிடி இருக்குது எண்டு. நீங்கள் சொன்னா உங்களுக்கு மரியாதை."

"சொல்லாட்டி?"

"நான் சொல்லுவன்."



"சொல்லிப்போட்டு?" என்றான் வினோதன். "இன்னும் ஒரு வருசம் அந்தச் சோபாவில படுப்பியோ?"

"படுப்பன்."

சொல்லிவிட்டாள். சோபாவில் படுத்துப் பிடித்த இடுப்பு அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது டெனிஸ்டன் தறப்பாளைக் கட்டிக்கொண்டிருந்தான். நிசாந்தினியைக் காணவில்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். கழன்ற தகரத்தைப் பற்றிப் பேச வந்திருந்த றீற்றா, ரப்பர் சப்பாத்தோடு கதிரையில் இருந்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வீடு சூடாகியிருந்தது. கீழறையில் இருந்த சூடாக்கியை அவள்தான் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்வரை இங்கே ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது என்று றீற்றா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு பிள்ளைகள். இந்தத் தெருவில் உள்ள வீடுகளில் இதற்குத்தான் எண்ணெய்ச் செலவு குறைவு என்று அவர்கள் பெருமையடிப்பார்களாம். கோடையில் மேலறையில் படுத்தால் மின்விசிறி தேவைப்படாதாம்.

நிசாந்தினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். றீற்றா போன பிறகு, இரண்டு கதிரையைச் சேர்த்துக் கால் நீட்டிப் படுத்தாள். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். கடந்த ஒரு மாதமாக இரவில் அவள் நடக்கிற சத்தம் சோபாவில் கிடக்கும் மயூரிக்குக் கேட்கும். இன்று இரண்டு மணிநேரம் அசையவில்லை.

மயூரிதான் உட்கார முடியாமல் இருந்தாள். வீட்டைச் சுற்றி நடந்தாள். அலெக்ஸாண்டரின் எண்ணை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் வெட்டினாள். அவருக்கு முதலில் சொன்னால் அண்ணனுக்குக் கொடுத்த வாய்ப்புப் போய்விடும். சொல்லாவிட்டால் அவர் எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டி வரும். மூன்றாவது தரம் எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு ரவுண் ஹோலில் நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர் இருந்தார்கள். வினோதன் விமான நிலையத்து மஞ்சள் அங்கியோடு வந்து, மனைவிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். தங்கையைப் பார்க்கவில்லை.

அலெக்ஸாண்டர் படங்களைக் காட்டி எட்டு நிமிடம் பேசினார். தெளிவாகப் பேசினார். கட்டிய ஆண்டு 1871 என்றார். தலைவியாக இருந்த பெண் நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்காரருக்கு ஏதேனும் சொல்ல உண்டா என்று கேட்டாள்.

வினோதன் தொண்டையைச் செருமினான். மயூரி அண்ணனைப் பார்த்தாள்.

"இல்லை," என்றான் அவன்.

"வேறு யாருக்காவது?"

மயூரி எழுந்தாள். முன்கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

தான் வீட்டுக்காரரின் தங்கை என்றும் இதே அலுவலகத்தில் வேலை செய்பவள் என்றும் முதலில் சொன்னாள். பிறகு பார்த்ததைச் சொன்னாள். தகரத்துக்குக் கீழே வைக்கோல் கூரை இருப்பது, அதன் அடிப்பக்கத்துப் புகை, அந்தப் புகைக்குப் பிறகுதான் செங்கல் புகைபோக்கி வந்திருக்க வேண்டும் என்பது, சுவருக்குள் மரக்குற்றிகள். "அறிக்கையில் இருக்கும் ஆண்டு பிழை," என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்று மத்தியானம் அதில் ஒரு பகுதியை இழுத்துக் கிழித்தோம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்," என்றும் சொன்னாள்.

அலெக்ஸாண்டரின் காது சிவந்தது. அவர் தன் முன்னால் இருந்த தாளை மூடினார்.

முடிவை ஒரு மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். கூரையைத் திறந்து பார்த்துப் புது அறிக்கை எழுத வேண்டும். அதுவரை வீட்டில் எவரும் கை வைக்கக்கூடாது.

வெளியே நடைபாதையில் அலெக்ஸாண்டர் அவளுக்காக நின்றார்.

"கூரையைத் திறந்து பார்க்காதது என் பிழை," என்றார். "எனக்கு முதலில் சொல்லாதது உன் பிழை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு என் அறைக்கு வா." போய்விட்டுத் திரும்பி வந்தார். "எவ்வளவு தடிப்பு?"

"ஒரு அடிக்கு மேல்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வானை வினோதன் ஓட்டினான். பக்கத்தில் மயூரி, பின்னால் நிசாந்தினி. அட்சயா சிநேகிதி வீட்டில் இருந்தாள். போகும் வழியில் ஏற்ற வேண்டும். இருட்டிக்கொண்டு வந்தது. வான் ஸ்ரௌவ்வில்லைத் தாண்டியது.

"இப்ப திருப்தியோ?" என்றான்.

"இல்லை, அண்ணா."

"இன்னும் ஒரு மாதத்தில நிலம் இறுகிடும். பிறகு சித்திரைக்குத்தான் அத்திவாரம். பிள்ளை தையில பிறக்கப்போகுது. உன்ரை அப்பார்ட்மெண்டில தொட்டில் எங்க வைக்கிறது, சொல்லு பாப்பம்."

அதையேதான் அவளும் மத்தியானத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டில தண்ணி வருது," என்றாள் நிசாந்தினி பின்னாலிருந்து.

வினோதன் கண்ணாடியில் பார்த்தான்.

"லைற் எரியுது. சூடும் வருது. நாலு பிள்ளையளோட ஒரு குடும்பம் இருந்ததாம். மேல தகரம் இல்லாமலே உள்ளுக்கு ஒரு சொட்டு ஒழுகேல்ல. எனக்கு எலி எண்டு சொன்னீங்க."

"நிசா, வீட்டை போய்க் கதைப்பம்."

"எந்த வீட்டை? ஏழு மாதமா மயூரி சோபாவில. பிள்ளை பெட்டியளுக்கு நடுவில. இதெல்லாம் தேவையில்லாமத்தானே?"

"நீ வைக்கல் வீட்டில கஷ்டப்பட்டவள். உன்னை நல்ல வீட்டில இருத்துவன் எண்டு உன்ரை அப்பாவுக்குச் சொன்னனான். பழைய வீட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டா அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை?"

"அப்பா செத்து நாலு வருசம்."

"அதுக்கு?"

"அதுக்கு எனக்குப் பொய் சொல்லுறதோ?"

அவன் கையால் முகத்தைத் துடைத்தான். மயூரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அழுகிறானோ என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

அப்போது வானின் ஸ்பீக்கரில் மணி அடித்தது. திரையில் டெனிஸ்டன் பெயர் வந்தது. வினோதன் அவசரமாகக் கையை நீட்டினான். வெட்டுவதற்குப் பதிலாகப் பச்சையில் பட்டுவிட்டது.

"அண்ணை, மெசின் சரி," என்றது வான் முழுக்க நிறைந்த குரல். "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வளவுக்க நிக்கும். பின்னேரம் சொன்னியள்தானே, குழு என்ன சொன்னாலும் பேப்பரைப் பிறகு பாப்பம், முதல்ல வீட்டை விழுத்துவம் எண்டு. ரெண்டு மணித்தியாலத்தில அலுவல் முடிஞ்சிடும்."

நிசாந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணை?"

வினோதன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மயூரி அவனைப் பார்த்தாள். அவன் தெருவைப் பார்த்தான்.

நிசாந்தினி இருக்கைகளுக்கு நடுவால் முன்னுக்குச் சாய்ந்தாள். வயிறு இடித்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் யாழ்ப்பாணக் குடும்பத்தோடு இருந்து மாறிய பேச்சு, ஒரே வசனத்தில் மட்டக்களப்புக்குத் திரும்பியிருந்தது.

"தம்பி டெனிஸ்டன், நான் அக்கா கதைக்கன். நாளைக்கு விடிய ஆறு மணிக்கே நான் அந்த வீட்டுக்க இரிப்பன். குசினிக்க. மறுகா மெசினை எங்க நிப்பாட்டுறண்டு நீங்களும் உங்கட அண்ணையும் யோசிங்க."



"அக்கா," என்றான் டெனிஸ்டன் மெதுவாக, "அண்ணை லைன்ல இருக்கிறாரோ?"